வலஞ்சுழி எஞ்சின்

அன்புவழிபுரம்,
2024 ஒக்டோபர் 6

அன்புள்ள பக்கீர் நானாவுக்கு,

கார் பத்திரமாகக் கிண்ணியா வந்து சேர்ந்தது என்று உங்கள் மகள் ரிஸ்னா சொன்னாள். என்னிடம் பௌதிகம் படித்த பிள்ளை, இன்று மீன்பிடி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு எனக்கே புத்தி சொல்கிறாள். "வாப்பாவுக்குப் போன் எடுக்காதீங்க ரீச்சர். காது முழுசாப் போயிற்று. ஹலோ ஹலோ எண்டு கத்திப்போட்டு வச்சிருவார். எழுதித் தாங்க, பஸ்ஸில கொண்டுபோறன்." ஆகவே இனி அவளுடைய கைப்பைதான் எங்கள் தபால்பெட்டி.

முழங்காலில் சத்திரசிகிச்சை செய்த பிறகு நான் வீட்டுக்குள்ளேயே கம்போடு நடக்கிறேன். டிசம்பர் முடியும்வரை தூரப் பயணம் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆகவே காரைப் பற்றிய எதையும் வந்து பார்க்க என்னால் ஏலாது. நீங்கள்தான் என் கண்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று, காரைப் பார்க்க வந்த அன்று கேட்டீர்கள். தைப்பொங்கலுக்கு மகள் கீர்த்தனி மெல்பேர்னில் இருந்து வருகிறாள். "அம்மா, தனியா இருந்தது போதும், என்னோட வந்திருங்கோ" என்று மூன்று வருடமாக ஒரே கதை. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். அவள் வரும்போது நான் தனியே கார் ஓட்டிச் சந்தைக்கும் கிளினிக்குக்கும் போய்வந்தால், அந்தக் கதையை இனி அவள் எடுக்கமாட்டாள். முடியாவிட்டால், வீட்டைப் பூட்டிவிட்டு நான் அவளோடு போகவேண்டும். வாய்தவறிச் சொல்லவில்லை, யோசித்துத்தான் வாக்குக் கொடுத்தேன். அதனால்தான் பயமாக இருக்கிறது.

1959ஆம் ஆண்டு எம்.ஜி. கார் அது. துறைமுக வைத்தியர் ஒருவர் நாட்டைவிட்டுப் போகும்போது என்னிடம் விட்டுப்போனது. அதன் பெட்ரோல் எஞ்சின் வெடித்துப் பிளந்துவிட்டது, இன்னொன்று இந்தத் தீவில் கிடைக்காது, டீசல் எஞ்சின் போடலாம் என்று நீங்கள் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. பரதம் ஆடுகிற பிள்ளையின் காலில் சலங்கையை அவிழ்த்துவிட்டு மாட்டு மணியைக் கட்டுவது போல இருக்காதா? ஆனால் வேறு வழி தெரியவில்லை. எந்த எஞ்சின் என்று நீங்களே பார்த்து எழுதுங்கள்.

பணிவுடன்,
புஷ்பவதி


கிண்ணியா,
ஒக்டோபர் 13

மதிப்புக்குரிய ரீச்சருக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு நீட்டி எழுதத் தெரியாது. விசயத்துக்கு வருகிறேன்.

மூன்று எஞ்சின் பார்த்தேன். முதலாவது ஜப்பான் வான் எஞ்சின். நல்ல எஞ்சின்தான், ஆனால் உயரம். உங்கள் கார் தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. நாலு விரல் அளவுக்கு போனட் மூடாது. போனட்டில் ஓட்டை போட்டால் மூடும். ஓட்டை போட்ட காரில் ரீச்சரை அனுப்ப எனக்கு மனம் இல்லை.

இரண்டாவது என் மனைவி உம்மு குல்சும் சொன்ன யோசனை. "லாண்ட்மாஸ்டர் எஞ்சினப் பூட்டுங்க. ரீச்சர் போற வழியில ரெண்டு வரவை வயல் உழுதுபோட்டும் போகலாம்." அவளுக்கு நீங்கள் பதில் எழுதவேண்டாம், இன்னும் ஏறிவிடுவாள்.

மூன்றாவதுதான் நான் சொல்ல வந்தது. துறைமுகத்தில் பழைய லோஞ்ச் படகு ஒன்றை உடைக்கிறார்கள். அதற்குள் இரண்டு எஞ்சின். இங்கிலாந்தில் செய்த சின்ன டீசல், நாலு சிலிண்டர், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. போனட் மூடும், உங்கள் கியர் பெட்டியோடு பொருத்தவும் ஒரு தகடு வெட்டினால் போதும். போன வியாழன் இரண்டையும் ஓடவிட்டுக் கேட்டேன்.

செவிடன் எப்படிக் கேட்டான் என்று நினைப்பீர்கள். என்னிடம் ஒரு முழத்தில் பாலைமரக் குச்சி இருக்கிறது. ஒரு முனையை எஞ்சினில் ஊன்றி மற்ற முனையைப் பல்லால் கடித்துக்கொள்வேன். கண்ணை மூடிவிடுவேன். அப்போது காது வேண்டியதில்லை, ரீச்சர். தலைக்குள்ளேயே ஓடும். வால்வு தட்டுவது ஒரு மாதிரி, பிஸ்டன் ஏறி இறங்குவது ஒரு மாதிரி, எண்ணெய் பாய்வதுகூடத் தெரியும். கடல் எஞ்சின் அறையில் முப்பத்தெட்டு வருடம் நின்று காதைக் கொடுத்தேன், அல்லாஹ் இதை மாற்றித் தந்தான். இரண்டு எஞ்சினும் சுகம். ஒன்றில் மூன்றாம் சிலிண்டருக்கு டீசல் ஒரு இமைப்பொழுது பிந்தி வருகிறது, அது சின்ன வேலை.

சம்மதமா? சம்மதம் என்றால் காரின் எஞ்சின் தாங்கியை வெட்டவேண்டும். வெட்டினால் பழைய நிலைக்குக் கொண்டுவர ஏலாது. யோசித்து எழுதுங்கள்.

பக்கீர்


அன்புவழிபுரம்,
ஒக்டோபர் 20

அன்புள்ள பக்கீர் நானாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பிறகு குசினிக்குப் போய் மர அகப்பையை எடுத்தேன். ஒரு முனையைக் குளிர்ப்பெட்டியில் ஊன்றி மறு முனையைக் கடித்து, இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டேன்.

நானா, அந்தப் பெட்டி என் வீட்டில் பதினான்கு வருடமாக நிற்கிறது. அதற்குள் இப்படி ஒரு உலகம் ஓடுவதை நான் அறியவில்லை. உறுமல் ஒன்று, அதற்கு மேலே மெல்லிய கிணுகிணுப்பு, இடையிடையே யாரோ தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம். ஒலி எலும்பு வழியாகவும் போகும் என்று பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் கீறிக் காட்டியவள் நான். மண்டையோட்டைக் கீறி, அம்புக்குறி போட்டு, பரீட்சைக்கும் கேள்வி கொடுத்தேன். ஆனால் ஒருநாளும் கடித்துப் பார்க்கவில்லை. அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். உப்பைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதியவர் முதல்தரம் நாக்கில் வைத்ததுபோல இருந்தது.

ஒரேயொரு கேள்வி. டீசல் எஞ்சின் இரும்புக் கட்டி. ஏறுபலகையின் ஒரு பக்கத்தில் பாரமான பிள்ளை ஏறினால் மற்றப் பிள்ளை அந்தரத்தில் நிற்கும் அல்லவா? முன் சில்லுகளில் பாரம் கூடினால் பின் சில்லுகள் தரையை விட்டுவிடாதா?

மற்றது, கொழும்பில் ஒருவர் இந்தக் காரைப் பிளந்த எஞ்சினோடே வாங்கக் காத்திருந்தார். வீட்டு முன்றலில் கண்ணாடிக் கூடு செய்து வைப்பாராம். அவருக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். வெட்டுங்கள்.

புஷ்பவதி


கிண்ணியா,
நவம்பர் 3

மதிப்புக்குரிய ரீச்சருக்கு,

பாரத்துக்குப் பயம் வேண்டாம். லோஞ்சில் கடல்தண்ணீரால் எஞ்சினைக் குளிராக்கும் பெரிய இரும்புச் சட்டி ஒன்று இருந்தது. காருக்கு ரேடியேட்டர் போதும், சட்டியைக் கழற்றிவிட்டேன். பற்றரியைப் பின்னுக்கு வைக்கிறேன். உங்கள் ஏறுபலகை நேராக நிற்கும்.

இப்போது அவசரமான கேள்வி. இரட்டைப் பிள்ளைகள் என்றேன், ஆனால் ஒரு வித்தியாசம். லோஞ்சில் ஒரு எஞ்சின் வலப்பக்கம் சுற்றும், மற்றது இடப்பக்கம். இரண்டும் ஒரே பக்கம் சுற்றினால் லோஞ்ச் நேராகப் போகாது, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே போகும். அதனால் செய்தவனே இரண்டையும் எதிரெதிராகச் செய்து வைத்திருக்கிறான். நினைத்தால் ஆச்சரியம்தான். அறுபது வருடமாக ஒன்றை ஒன்று மறுத்துக்கொண்டே இரண்டும் ஒரு படகை நேராகக் கொண்டுபோயிருக்கின்றன.

உங்கள் பழைய எஞ்சின் எந்தப் பக்கம் சுற்றியது? அது உங்கள் கராஜில்தானே கிடக்கிறது. பார்த்து எழுதுங்கள். அதே பக்கம் சுற்றுவதை நான் எடுக்கிறேன். மற்றதை மூதூர் றிகாஸ் தன் மீன்பிடிப் படகுக்குக் கேட்கிறான். புதன்கிழமை ஏற்றிவிடுவான். அதற்குள் பதில் வேண்டும்.

பக்கீர்


அன்புவழிபுரம்,
நவம்பர் 4

அன்புள்ள பக்கீர் நானாவுக்கு,

ரிஸ்னாவை வாசலிலேயே நிற்கவைத்துவிட்டு எழுதுகிறேன்.

பார்க்கவே தேவையில்லை, என் வலது தோளுக்குத் தெரியும். பற்றரி செத்த நாட்களில் முன்பம்பருக்குக் கீழே கைபிடியைச் செருகிச் சுற்றித்தான் அந்தக் காரை எழுப்புவேன். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் சுற்றிநின்று எண்ணுவார்கள். இருந்தாலும் கம்பை ஊன்றிக்கொண்டு கராஜுக்குப் போய், எஞ்சினில் கைபிடியைச் செருகிப் பார்த்துவிட்டே வந்தேன். சந்தேகமே இல்லை. மணிக்கூட்டு முள் போகும் பக்கம். கோயிலை நாங்கள் சுற்றும் பக்கம். வலஞ்சுழி.

வலஞ்சுழி எஞ்சினை எடுங்கள்.

புஷ்பவதி


கிண்ணியா,
டிசம்பர் 1

மதிப்புக்குரிய ரீச்சருக்கு,

மழையால் பிந்திவிட்டது. கொட்டகைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. கல் அடுக்கி அதன் மேல் நின்று வேலை செய்தேன்.

வலஞ்சுழி எஞ்சினைத்தான் எடுத்தேன். எடுக்க முன்னம் ஓடவிட்டு என் கண்ணால் பார்த்தேன். தாங்கியை வெட்டி, புதுத் தாங்கி ஒட்டி, தகடு வைத்துக் கியர் பெட்டியைப் பூட்டியாகிவிட்டது. போனட் மூடியது. ஒரு விரல் இடமும் மிச்சம் இருக்கிறது. சிவப்புக் காரின் வாய்க்குள் கடல் எஞ்சின் இருப்பதைப் பார்க்கத் தெருவே வந்து போகிறது. துறைமுகத்துப் பழைய ஆட்களும் வந்தார்கள். அருளம்பலம் மெக்கானிக், "செவிடன் பூட்டினதா, ஓடுமா?" என்று பக்கத்து ஆளிடம் கேட்டதை உதட்டில் படித்தேன். வெள்ளிக்கிழமை ஓட்டிக் காட்டுவேன், இன்ஷா அல்லாஹ்.

பக்கீர்


கிண்ணியா,
டிசம்பர் 7

ரீச்சருக்கு,

நேற்று ஜும்ஆத் தொழுகை முடிந்து எல்லாரும் பார்க்கக் காரில் ஏறினேன். ஒரே தட்டில் எஞ்சின் பிடித்தது. முதலாம் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டேன். கார் பின்னுக்குப் போனது.

நான் முன்னால் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். எல்லாரும் கையைக் காட்டிக் கத்துகிறார்கள். எனக்குக் கேட்கவில்லை. பாராட்டுகிறார்கள் என்று நினைத்து நானும் கையைக் காட்டினேன். உம்மு குல்சுமின் கொடிக்கயிறு, காய்ந்துகொண்டிருந்த படுக்கைவிரிப்பு, கோழிக்கூடு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வேலியில் போய் நின்றது.

நாலு கியரும் பின்னுக்கு. ரிவர்ஸைப் போட்டால் மாத்திரம் முன்னுக்குப் போகிறது. காரைக் கொட்டகைக்குள் கொண்டுவந்ததும் அப்படித்தான். எஞ்சின் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. நீங்கள் எழுதினபடிதான் செய்தேன். உங்கள் கடிதம் என்னிடம் இருக்கிறது.

பக்கீர்


அன்புவழிபுரம்,
டிசம்பர் 9

பக்கீர் நானாவுக்கு,

நான் எழுதியது சரி. இன்றும் கராஜுக்குப் போய்க் கைபிடியைப் பிடித்துப் பார்த்தேன். வலஞ்சுழிதான். முப்பத்தொரு வருடம் படிப்பித்தவள், வலமும் இடமும் எனக்குத் தெரியும்.

இரண்டு எஞ்சினும் ஒரே மாதிரி என்று நீங்களே எழுதினீர்கள். ஏற்றுகிற அவசரத்தில் றிகாசுக்குப் போகவேண்டியது உங்களிடமும் உங்களுக்கு வரவேண்டியது அவரிடமும் மாறிப் போயிருக்கலாம். மனிதர் யாருக்கும் வரக்கூடிய பிழை. இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது.

புஷ்பவதி


கிண்ணியா,
டிசம்பர் 11

ரீச்சருக்கு,

எஞ்சின் மாறவில்லை. எனக்குக் காதுதான் இல்லை, கண் இருக்கிறது. வலப்பக்கம் சுற்றுவதைப் பார்த்து எடுத்தேன், இன்றைக்கும் வலப்பக்கம்தான் சுற்றுகிறது.

மற்ற எஞ்சினை றிகாஸ் படகில் இறக்கிப் பூட்டிவிட்டான். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. இறங்குதுறை ஜெட்டியடியில் என்னைக் கண்டால் ஆட்கள் பின்னுக்கு நடந்து காட்டிச் சிரிக்கிறார்கள். நாற்பது வருடப் பேர் ஒரு வெள்ளிக்கிழமையில் போனது. வேறு மெக்கானிக் பார்த்து, லொறி அனுப்பிக் காரை எடுங்கள்.

பக்கீர்


அன்புவழிபுரம்,
டிசம்பர் 27

அன்புள்ள பக்கீர் நானாவுக்கு,

இரண்டு கிழமையாக நான் எழுதவில்லை. கோபம்தான் காரணம். லொறியும் அனுப்பவில்லை. அதற்குக் காரணம் கோபம் இல்லை. இன்னொருவர் உங்கள் வேலையில் கை வைப்பதை நினைக்க முடியவில்லை.

இன்று காலை நடந்ததை அப்படியே எழுதுகிறேன். தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

இப்போது கம்பில்லாமல் நடக்கப் பழகுகிறேன். கட்டிலடியில் மேசை மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் நின்று மூச்சு வாங்கினேன். விசிறி இடப்பக்கம் சுற்றியது. அலுமாரியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மறுபக்கம் போனேன். விசிறிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வலப்பக்கம் சுற்றியது.

நானா, நான் திரும்பவும் முன்னால் போனேன். இடம். திரும்பவும் பின்னால். வலம். விசிறி ஒன்றும் செய்யவில்லை. அது தன்பாட்டில் சுற்றியது. நான்தான் இடம் மாறினேன்.

என் கார் எஞ்சினை நான் ஒருநாளும் பின்னால் நின்று பார்த்ததில்லை. பம்பருக்கு முன்னால் குனிந்து, காரின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் கைபிடியைச் சுற்றுவேன். அங்கிருந்து அது வலஞ்சுழி. நீங்கள் எஞ்சினை எங்கிருந்து பார்ப்பீர்கள் என்று ரிஸ்னாவிடம் கேட்டேன். "லோஞ்சில எஞ்சின் அறைக்குப் பின்பக்கத்தாலதான் இறங்குவாங்க ரீச்சர். வாப்பா புரொப்பலர் பக்கம் நிண்டு முன்னுக்குப் பாத்துத்தான் வலம் இடம் சொல்லுவார். கடல்காரர் எல்லாரும் அப்படித்தான்" என்றாள்.

நீங்கள் வலஞ்சுழியைத்தான் எடுத்தீர்கள். நான் வலஞ்சுழி என்றுதான் எழுதினேன். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பிழை என்னுடைய ஒரு சொல்லில் இருக்கிறது. "எங்கிருந்து பார்த்து?" என்று எழுதாத விடைக்கு எத்தனை பிள்ளைகளுக்குச் சிவப்பு மையால் அரைப் புள்ளி வெட்டியிருப்பேன்! நேரில் இருந்திருந்தால் விரலை ஒருதரம் சுற்றிக் காட்டியிருப்பேன், எல்லாம் முடிந்திருக்கும். காகிதத்தில் விரல் இல்லை.

இதை நினைக்க நினைக்க வெட்கத்தைவிட வியப்புத்தான் கூடுகிறது. ஒரே சுற்று. அதுவே வலம், அதுவே இடம். இரண்டும் முழு உண்மை. அறுபத்தாறு வயதில் ஒரு மேசை விசிறிக்கு முன்னால் வாயைத் திறந்தபடி நின்றேன்.

என்னை மன்னியுங்கள். ஜெட்டியடியில் சிரிப்பவர்களுக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டுங்கள். ரீச்சர் பிழை விட்டார் என்று சொல்லுங்கள். பொங்கலுக்கு முன் கார் ஓடாவிட்டாலும், நான் மெல்பேர்னுக்குப் போக நேர்ந்தாலும், உங்கள் பெயர் இங்கே சரியாக இருக்கவேண்டும்.

புஷ்பவதி


கிண்ணியா,
2025 ஜனவரி 2

மதிப்புக்குரிய ரீச்சருக்கு,

கடிதத்தை வாசித்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு முன்னால் போய் நின்றேன். பிறகு பின்னால். பிறகு முன்னால். உம்மு குல்சும் குசினி யன்னலால் பார்த்து, "மனிசனுக்கு இனி என்ன, கஃபாவப் போல எஞ்சினைத் தவாப் சுத்துறாரோ?" என்றாள். நாற்பது வருடமாக நான் ஒரு எஞ்சினையும் முன்னால் நின்று பார்த்துப் பக்கம் சொன்னதில்லை, ரீச்சர். லோஞ்சில் முன்னால் நிற்க இடமும் இல்லை. சொல்லின் பிழை பாதி உங்களுடையது. எங்கிருந்து என்று திருப்பிக் கேட்காத பாதி என்னுடையது.

மறுநாளே மூதூருக்குப் போனேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கமாட்டேன் என்று எழுதினேன் அல்லவா, அதை விழுங்கிக்கொண்டுதான் போனேன். றிகாஸ் கரையில் தலையில் கை வைத்துக்கொண்டு இருக்கிறான். அவனுக்குக் கொடுக்கும்போதே சொன்னேன், இது இடப்பக்கம் சுற்றுவது, புரொப்பலரை மாற்று என்று. "சும்மா கதை" என்று பழைய புரொப்பலரையே பூட்டியிருக்கிறான். மழைக்குள் படகு கரையில் கிடந்தது. போன கிழமை கடலில் இறக்கி முன்னுக்கு விட்டால், படகு பின்னுக்குப் போய் மீனுக்கு ஐஸ் போடும் வாடியின் கட்டையில் ஏறி நின்றிருக்கிறது. யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று தண்ணீர் ஓதித் தெளித்தும் பார்த்திருக்கிறான்.

நான் கேட்க வாயைத் திறக்க முன்னம் என் இரண்டு கையையும் பிடித்தான். உதட்டைப் பார்த்தேன். "நானா, அந்த மற்ற எஞ்சினத் தாங்க. அல்லாஹ்வுக்காக."

ரீச்சர், யோசித்துப் பாருங்கள். விரிகுடாவின் இந்தக் கரையில் ஒரு கார் பின்னுக்குப் போகிறது. அந்தக் கரையில் ஒரு படகு பின்னுக்குப் போகிறது. நடுவில் கடல். ஒன்றுக்கு வேண்டியது மற்றதிடம் இருக்கிறது.

நேற்று எஞ்சின் இரண்டையும் மாற்றிவிட்டோம். இரட்டைப் பிள்ளைகள் என்பதால் புதுத் தாங்கியிலேயே மற்றதும் பொருந்தி இருந்தது. அருளம்பலம் மெக்கானிக் தானாக வந்து சங்கிலி பிடித்தான். இன்று சூரங்கல் வரைக்கும் நாலு கியரிலும் முன்னுக்குப் போய் வந்தேன். மூன்றாம் சிலிண்டரையும் சரிப்படுத்தினேன். அரசாங்கக் கச்சேரியில் எஞ்சின் மாற்றத்துக்கான பரிசோதனை எட்டாம் தேதி. காரை நானே கொண்டுபோவேன். அங்கிருந்து நேரே உங்கள் வாசலுக்கு.

பக்கீர்


அன்புவழிபுரம்,
ஜனவரி 19

அன்புள்ள பக்கீர் நானாவுக்கு,

அன்று காரை விட்டுவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்கு ஓடிவிட்டீர்கள். நடந்ததை முறையாக எழுதவேண்டும்.

முதல் நான்கு நாளும் கீர்த்தனி வர முன்னம் தனியே ஓட்டிப் பழகினேன். பழைய எஞ்சின் அவசரக்காரி. உவர்மலை ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கு இறக்கச் சொல்லி அழுவாள். இது அப்படி இல்லை. நாலாம் கியரில் ஏற்றத்தைத் தொட்டேன். சத்தம் கொஞ்சம் ஆழமானது, அவ்வளவுதான். யாரோ பெரிய கையைக் காரின் முதுகில் வைத்து, அவசரமில்லாமல், விடாமல் தள்ளுவதுபோல மேலே போனது. உச்சியில் நிறுத்தினேன். கீழே உள்துறைமுகம் முழுக்க வெளிச்சம். எத்தனையோ கப்பல்கள் வந்து போன தண்ணீர். அதில் அறுபது வருடம் ஓடிய எஞ்சின் இப்போது என் காலடியில் துடித்துக்கொண்டு மலைமேல் நிற்கிறது. கைகளை ஸ்டியரிங் வளையத்தில் இருந்து எடுக்க மனம் வரவில்லை.

பொங்கலுக்கு முதல்நாள் கீர்த்தனியை ரயில் நிலையத்தில் இருந்து நானே கூட்டிவந்தேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வீடுவரை கியர் மாற்றும் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். அடுத்த நாட்களில் கிளினிக்குக்கும் சந்தைக்கும் நான் தனியே போய்வருவதை வாசலில் நின்று பார்த்தாள். நேற்று அவளைக் கிண்ணியாப் பாலம்வரை கூட்டிப்போனேன். பாலத்தின் நடுவில் கேட்டாள்:

"அம்மா, நான் கொஞ்சம் கார் ஓடட்டா?"

"ஏலாது" என்றேன்.

சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்து மெல்பேர்ன் விமானங்களைத் தேடினாள். வாக்கை நான் காப்பாற்றினேன், அவள் மறந்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"சித்திரையில பிள்ளையளுக்கு லீவு. அப்ப வந்து எங்களோட நில்லுங்கோ அம்மா" என்றாள். நான் பதில் சொல்ல முன்னமே திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். என் பெயரில் டிக்கெட். போகவும் வரவும். இரண்டு வாரம்.

புஷ்பவதி